பயோலாஜிக் ஊசி போடும் காலத்தில் பிறப்புறுப்பில் கொப்புளமோ மருவோ வந்தால்

சோரியாசிஸுக்குப் பயோலாஜிக் ஊசி போட்டுக்கொள்பவர் பிறப்புறுப்பில் புதிதாக ஒரு புண்ணைப் பார்த்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு களிம்பை எடுத்துத் தடவுகிறார். இல்லையென்றால் ஊசிதான் காரணம் என்று தானே முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் அடுத்த ஊசியை நிறுத்திவிடுகிறார். அந்தப் புண் ஹெர்பிஸ் (கொப்புளம் எழுப்பும் வைரஸ்), மரு போன்ற வைரஸ் தொற்றாக இருந்தால், களிம்பு வைரஸுக்குத் தீனி போடும். ஊசியை நிறுத்துவதால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. சோரியாசிஸ்தான் திரும்பி வரும்.

எந்த ஊசிக்கு எந்தக் கிருமி

பயோலாஜிக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லா ஊசியும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஒரு குறிப்பிட்ட தூதுப் புரதத்தை மறிக்கிறது. அந்தத் தூது எந்தக் கிருமியைத் தடுத்து வைத்திருந்ததோ, அதற்குத்தான் இடம் கிடைக்கும்.

அடலிமுமாப், எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப் ஆகியவை டி.என்.எஃப். என்ற புரதத்தை மறிப்பவை. இவற்றில் முதலில் பார்க்க வேண்டியவை காசநோயும் ஹெபடைடிஸ்-பியும். வைரஸை அடக்கி வைப்பதிலும் டி.என்.எஃப்.புக்குப் பங்கு உண்டு. பிறப்புறுப்பு மரு திடீரெனப் பெருகியதாகத் தனித்தனி நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்த பதிவுகளில் இந்த வகை அடிக்கடி தென்படுவது அதனால்தான்.

செகுகினுமாப், இக்ஸெகிஸுமாப், பைமெகிஸுமாப் ஆகியவை இன்டர்லூக்கின்-17 என்ற தூதுப் புரதத்தை மறிப்பவை. தோலிலும் ஈரச்சவ்விலும் காண்டிடா என்ற பூஞ்சையைத் தடுப்பது முக்கியமாக இந்த 17தான். ஆகவே இந்த ஊசி போடுபவருக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் சிவப்பும் வந்தால் முதல் சந்தேகம் பூஞ்சை. வைரஸ் அதற்குப் பிறகு. சர்க்கரை நோய்க்கு டபாக்ளிஃப்லோசின், எம்பாக்ளிஃப்லோசின் போன்ற மாத்திரையும் சேர்ந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். இந்த மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. பூஞ்சைக்கு அது விருந்து. தோல் மருத்துவர் ஊசியை எழுதுவார், சர்க்கரை மருத்துவர் மாத்திரையை எழுதுவார். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க ஆளில்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு சீட்டையும் இருவரிடமும் காட்டுங்கள்.

குசெல்குமாப், ரிசாங்கிஸுமாப், டில்ட்ராகிஸுமாப் ஆகியவை இன்டர்லூக்கின்-23ஐ மறிப்பவை. உஸ்டெகினுமாப் 12, 23 இரண்டையும் மறிக்கும். பொதுவாகத் தொற்று குறைவான கூட்டம் இது. ஆனாலும் குசெல்குமாபின் அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் தொற்று பக்கவிளைவாக இடம்பெற்றிருக்கிறது. அளவு ஏறத்தாழ 100 பேரில் ஒருவர். பைமெகிஸுமாபின் குறிப்பேட்டிலும் அது உண்டு.

மொத்தத்தில், இந்த ஊசிகளால் பிறப்புறுப்பு ஹெர்பிஸோ மருவோ பெருவாரியாகக் கூடுகிறது என்று சொல்ல வலுவான சான்று கிடையாது. வைரஸ் விஷயத்தில் ஊசியைவிடக் கவனம் தேவைப்படுவது கூடவே ஓடும் மற்ற மருந்துகளுக்கு: சைக்ளோஸ்போரின், வாய்வழி ஸ்டீராய்டு, மூட்டு சோரியாசிஸுக்கு எழுதப்படும் டோஃபாசிடினிப். டோஃபாசிடினிப் அக்கியைத் தெளிவாகவே கூட்டுகிறது. பிறப்புறுப்பில் மாதக்கணக்கில் தடவும் க்ளோபெடசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்புக்கும் அதே கவனம் தேவை.

ஊசி தொடங்குவதற்கு முன்

காசநோய்ப் பரிசோதனையை எல்லா இடத்திலும் செய்துவிடுகிறார்கள். விட்டுப்போவது பிறப்புறுப்பைப் பார்ப்பது. சோரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் இருவர் வரை ஏதாவது ஒரு கட்டத்தில் பிறப்புறுப்பிலும் அது வருகிறது. நோயாளி கூச்சத்தில் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. முதல் ஊசிக்கு முன்பே ஒருமுறை பார்த்து எழுதி வைத்துவிட்டால், பிறகு ஒன்று தோன்றும்போது அது புதிதா பழையதா என்ற குழப்பம் வராது. ஆண் மருத்துவரோ பெண் மருத்துவரோ வேண்டும் என்று கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: உதட்டிலோ கீழேயோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொப்புளம் வந்ததுண்டா, மரு எரித்து எடுத்ததுண்டா, அக்கி வந்ததுண்டா, கருப்பை வாய்ப் பரிசோதனையில் எப்போதாவது கோளாறு வந்ததா.

ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ்-பிக்கு ஒன்று மட்டும் எடுத்தால் போதாது. மேற்பரப்பு ஆன்டிஜன் (HBsAg), மையப்புரத மொத்த எதிர்ப்பான் (anti-HBc total), மேற்பரப்பு எதிர்ப்பான் (anti-HBs) என மூன்றும் வேண்டும். ஆய்வகங்களின் மலிவுத் தொகுப்பில் நடுவில் உள்ளதை விட்டுவிடுவது வழக்கம். ஆன்டிஜன் இல்லாமல் மையப்புரத எதிர்ப்பான் மட்டும் இருந்தால், பழைய தொற்று கல்லீரலில் உறங்கக்கூடும் என்று பொருள், வைரஸின் டி.என்.ஏ. அளவைப் பார்த்து, இடையிடையே கண்காணிக்க வேண்டும். ஆன்டிஜனே இருந்தால் ஊசிக்கு முன்பே வைரஸை அடக்கும் மாத்திரையான டெனோஃபோவிரோ என்டெகாவிரோ தொடங்குவார்கள். மூன்றுமே இல்லையென்றால் 0, 1, 6 மாதங்களில் தடுப்பூசி.

எச்.ஐ.வி. பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். சோரியாசிஸ் திடீரென மூர்க்கமாவதற்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவும் ரகசியமாகவும் செய்வார்கள். 1097 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்கலாம். சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். பரிசோதனையையும் அதே ரத்தத்தில் செய்துவிடலாம்.

மருவை உண்டாக்கும் வைரஸான ஹெச்.பி.வி.க்கு எதிரான தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. ஊசி ஓடும்போதும் போடலாம். முன்பே போட்டுவிட்டால் இன்னும் நல்லது. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு வயது குறைவாக இருந்தாலும் 3 தவணை வேண்டும்: 0, 1 அல்லது 2, பிறகு 6ஆவது மாதம். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கிறது. முதல் இரண்டு மருவுக்கும், கடைசி இரண்டு புற்றுநோய்க்கும் காரணமானவை. 26 வயதைத் தாண்டியவர்கள் பலன் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடலாம். ஏற்கெனவே வந்த மருவைத் தடுப்பூசி கரைக்காது. அக்கிக்கு 2023இல் இந்தியாவுக்கு வந்த ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியும் உயிரற்ற வகைதான். அம்மை, தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைப் பயோலாஜிக் ஓடும்போது போடக் கூடாது.

பார்த்துப் பிரித்தறிவது

பிறப்புறுப்பில் வரும் சோரியாசிஸ் முழங்கையில் வருவதைப் போல் இருக்காது. ஈரமும் உராய்வும் செதிலைத் துடைத்துவிடுவதால் வெறும் சிவப்பாக, வழவழவென்று, ஓரம் கோடு போட்டது போலத் தெரியும். பல நேரம் இரு பக்கமும் ஒத்திருக்கும். கொப்புளம் வராது. பிட்டப் பிளவிலும் தொப்புளிலும் அதே சிவப்பு இருந்தால் சோரியாசிஸ் என்பது ஏறத்தாழ உறுதி.

ஹெர்பிஸ் முதலில் தோலுக்கு அடியில் பேசும். ஒரு நாள் முன்பே அந்த இடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல், சிலருக்குத் தொடைக்கு இறங்கும் வலி. பிறகு சிவந்த தளத்தில் கொத்தாகச் சிறு கொப்புளங்கள். அவை உடைந்து ஆழமில்லாத புண். சிறுநீர் பட்டால் தீயாக எரியும். தொடையிடுக்கில் நெறி கட்டும். திரும்ப வரும்போது பெரும்பாலும் அதே இடத்தில் வரும். கொப்புளம் ஒரே பக்கமாகப் பட்டைபோல, பிட்டம் வரை போனால் அது அக்கியாக இருக்கலாம். மருந்தின் அளவு வேறு.

மரு வலிக்காது. தோல் நிறத்திலோ சற்றுக் கருத்தோ, காலிஃபிளவர் போலக் கிளைத்தோ, தட்டையாகவோ இருக்கும். நடுவில் தொப்புள் போலக் குழிந்த, முத்துப் போன்ற 2 முதல் 5 மில்லிமீட்டர் உருண்டை என்றால் மொலஸ்கம் என்கிற பாலுண்ணி. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும் பாலுண்ணி பெரியவர்களுக்கு வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையை உடனே செய்ய வேண்டும்.

பூஞ்சையில் அரிப்புதான் முதன்மை. தயிர்த் துணுக்கு போன்ற வெள்ளைப் படிவு, பெரிய சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். வலியே இல்லாத, அடி கெட்டியான ஒற்றைப் புண் சிபிலிஸாக இருக்கலாம். அது வைரஸ் அல்ல, பாக்டீரியா. விரைப்பையில் இரவில் அரிக்கும் முடிச்சுகள் சிரங்காகவும் இருக்கும். ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக நிற்கும் மிகச் சிறிய முத்துகள் பலருக்கும் இயல்பாகவே இருப்பவை. அவற்றை மரு என்று நினைத்து எரித்துக்கொள்பவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல.

முதல் 2 நாள்

பிறப்புறுப்பில் தடவும் ஸ்டீராய்டையும், நோயெதிர்ப்பைத் தணிக்கும் டாக்ரோலிமஸ் களிம்பையும் உடனே நிறுத்துங்கள். படர்தாமரைக்கென்று மருந்துக்கடையில் கொடுக்கும் நாலு மருந்து கலந்த களிம்பில் ஒன்று பெரும்பாலும் க்ளோபெடசால்தான். குழாயின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்ற எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. ஹெர்பிஸ் புண்ணில் அது பட்டால் முதல் இரண்டு நாள் சிவப்பு குறைந்து நிம்மதி தரும், பிறகு புண் அகலும். அந்த இரண்டு நாள் நிம்மதிதான் ஆளை ஏமாற்றுவது.

சவரம் செய்யாதீர்கள். மருவையும் பாலுண்ணியையும் பிளேடு விதைபோலத் தூவிவிடும். முடி நீளமாக இருந்தால் கத்தரிக்கோலால் குறைத்துக்கொள்ளலாம். புண் ஆறும்வரை உடலுறவு வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, பருத்தி உள்ளாடை அணியுங்கள். சிறுநீர் எரிந்தால் போகும்போது மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகலாம்.

கொப்புளம் தெரிந்து 48 மணி நேரத்துக்குள் போய்விட்டால், புண்ணின் அடியிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்வதில் பலன் அதிகம். காய்ந்த பொருக்கிலிருந்து எடுத்தால் வைரஸ் இருந்தும் இல்லை என்று வரும். பி.சி.ஆர். கிடைக்காத ஊரில் புண்ணடியைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் சாங்க் பரிசோதனை கைகொடுக்கும். ரத்தத்தில் ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பான் பரிசோதனை எடுக்கச் சொன்னால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். அது புதிய தொற்றையும் பழையதையும் பிரித்துச் சொல்லாது. எந்த ஊசி, கடைசியாகப் போட்ட தேதி, சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் மருந்தும் எடுத்தால் அதன் அளவு ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தோல் மருத்துவரிடம் கூச்சமாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரிகளின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனி நிலையம் இயங்குகிறது.

காத்திருக்கக் கூடாத நிலைகள் சில உண்டு: சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தலைவலியும் காய்ச்சலுமாகக் கழுத்து விறைப்பது, கொப்புளம் உடம்பெங்கும் பரவுவது, கண் சிவந்து வலிப்பது, தோலில் தெரிவதைவிடப் பல மடங்கு வலியோடு ஆசனவாய்ப் பக்கம் வீங்கிக் கருப்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஹெர்பிஸ் என்று உறுதியானால்

முதல் முறை என்றால் அசைக்ளோவிர் 400 மி.கி. நாளுக்கு 3 முறை, 7 முதல் 10 நாள். அல்லது வாலாசைக்ளோவிர் 1 கிராம் நாளுக்கு 2 முறை, அதே நாள் கணக்கு. திரும்ப வந்தது என்றால் அசைக்ளோவிர் 400 மி.கி. 3 வேளை, 5 நாள் போதும். ஆனால் குறுகுறுப்பு தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை உள்ளே போக வேண்டும். ஆகவே மருத்துவரிடம் சீட்டு வாங்கி ஒரு அட்டையை வீட்டில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அசைக்ளோவிர் களிம்பால் பெரிய பயன் இல்லை.

மாத்திரை எடுக்கும் நாட்களில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். அசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும், மெத்தோட்ரெக்சேட்டும் அப்படித்தான். சைக்ளோஸ்போரின் சிறுநீரகத்தையே தாக்கக்கூடியது. இவற்றில் ஏதாவது சேர்ந்து ஓடினால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும்.

அடிக்கடி திரும்ப வந்தால் தினசரி அடக்கு சிகிச்சை உண்டு: அசைக்ளோவிர் 400 மி.கி. காலையும் இரவும், மாதக்கணக்கில். பயோலாஜிக் தொடர வேண்டியவருக்கு ஊசியை விடுவதைவிட இது எத்தனையோ மேல். துணைவருக்குத் தொற்றும் வாய்ப்பையும் இது குறைக்கக்கூடும்.

மரு: சிகிச்சையே சிக்கலாகும் இடம்

மற்றவர்களுக்கு மருவுக்கு எழுதும் முதல் களிம்புகளில் ஒன்று 5% இமிகுவிமாட். சோரியாசிஸ் உள்ளவருக்கு அதை எழுதுமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். அது தோலின் நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்பி வேலை செய்யும் மருந்து. எழுந்த நோயெதிர்ப்பு மருவோடு நிற்காமல் சோரியாசிஸையும் கிளப்பிவிடும். ஆய்வகங்களில் எலியின் தோலில் சோரியாசிஸ் போன்ற அழற்சியை உண்டாக்கத் தடவுவதே இந்தக் களிம்பைத்தான்! மருத்துவர் இதை எழுதினால், “எனக்குச் சோரியாசிஸ் இருக்கிறது, பரவாயில்லையா?” என்று கேட்டுவிடுங்கள், பால்வினைப் பிரிவில் உங்கள் முழங்கையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மருவுக்குப் போடும் இன்டர்ஃபெரான் ஊசியும் இதே ரகம்.

இரண்டாவது சிக்கல் காயம். சோரியாசிஸ் உள்ள தோலில் கீறலோ சூடோ பட்ட இடத்தில் புதிய சோரியாசிஸ் முளைப்பதைக் கோப்னர் விளைவு என்பார்கள். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, மின்சூட்டால் பொசுக்குவது, 80 முதல் 90% டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் வைப்பது எல்லாமே காயம்தான். அதற்காக இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. சோரியாசிஸ் அடங்கியிருக்கும் நேரத்தில், ஒரே நாளில் எல்லா மருவையும் தொடாமல், சிலவற்றை மட்டும் செய்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்து மேற்கொண்டு போவது நல்லது. பயோலாஜிக்கை நிறுத்திவிட்டு மருவை எரிக்கப் போனால் இரண்டு பக்கமும் அடி விழும்.

மிச்சம் இருப்பது போடோஃபிலோடாக்ஸின் 0.5%. வீட்டிலேயே நாளுக்கு 2 முறை, 3 நாள் தடவி, 4 நாள் விட வேண்டும். இப்படி 4 சுற்று வரை. மருவின் மேல் மட்டும் படவேண்டும். சுற்றிலும் வாசலின் பூசிக்கொண்டால் நல்ல தோல் வேகாது. மருத்துவமனையில் வைக்கும் போடோஃபிலின் 25% என்றால் 1 முதல் 4 மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும். கழுவ மறந்து தூங்கியவர்களுக்குப் புண்ணாகி, அந்தப் புண்ணில் சோரியாசிஸ் வருவதுண்டு. கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே கூடாது. சுண்ணாம்பு வைப்பது, குதிரை முடி கட்டுவது எல்லாம் இந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மூன்று மாதச் சிகிச்சைக்கும் அசையாத மரு, கருத்துத் தடித்தது, ரத்தம் கசிவது, கெட்டிப்பட்டது ஆகியவற்றில் ஒரு துணுக்கு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பெண்கள் கருப்பை வாய்ப் பரிசோதனையை 30 வயது தொடங்கித் தவறாமல் செய்துகொள்ளுங்கள். நோயெதிர்ப்பு மருந்து எடுப்பதைச் சொன்னால் இடைவெளியைக் குறைப்பதா என்று மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார்.

அடுத்த ஊசியைப் போடலாமா

சின்னதாகத் திரும்ப வந்த ஹெர்பிஸ், நாலைந்து மரு, பாலுண்ணி, பூஞ்சை ஆகியவற்றுக்கு ஊசியைப் பொதுவாக நிறுத்துவதில்லை. முதல்முறை ஹெர்பிஸ் காய்ச்சலோடு கடுமையாக வந்தால், புண் பொருக்குக் கட்டும்வரை அடுத்த தவணையைத் தள்ளிப்போடுவது வழக்கம். பரவிய தொற்று, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய தொற்று என்றால் நிறுத்தியே ஆகவேண்டும்.

இன்று ஊசியை விட்டால் நாளைக்கே மருந்து உடலைவிட்டுப் போய்விடாது. செகுகினுமாபின் அளவு பாதியாகக் குறையவே சுமார் 27 நாள், ரிசாங்கிஸுமாபுக்கு 28, அடலிமுமாபுக்கு இரண்டு வாரம், எட்டனர்செப்டுக்கு மட்டும் நாலைந்து நாள். ஓரிரு வாரத்தில் ஆறிவிடும் ஹெர்பிஸுக்காக மாதக்கணக்கில் நிற்கும் மருந்தை நிறுத்துவதில் என்ன கணக்கு? தவிர, இன்ஃப்ளிக்ஸிமாபையும் அடலிமுமாபையும் விட்டுவிட்டுப் போட்டால் உடல் அவற்றுக்கு எதிர்ப்பான் தயாரித்து, மருந்தே வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு கூடும். டி.என்.எஃப். ஊசியில் மரு அடங்காமல் பெருகினால், 17 அல்லது 23 வகைக்கு மாற்றுவதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். பிறப்புறுப்புச் சோரியாசிஸுக்கென்றே தனி ஆய்வில் சோதிக்கப்பட்ட ஊசியும் 17 வகைதான்: இக்ஸெகிஸுமாப்.

துணைவர், ஆணுறை, தேங்காய் எண்ணெய்

ஹெர்பிஸ் வந்துவிட்டது என்றால் யாரோ அண்மையில் தவறு செய்துவிட்டார்கள் என்று பொருளல்ல. அது நரம்பு முடிச்சில் ஆண்டுக்கணக்கில் உறங்கி, நோயெதிர்ப்பு சற்றுத் தளரும்போது முதன்முறையாக வெளியே வரலாம். மருவின் வைரஸும் மாதங்கள், ஆண்டுகள் கழித்துத் தோன்றும். வீட்டில் சண்டை தொடங்குமுன் இருவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. துணைவரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளட்டும். புண் இல்லாத நாளிலும் ஹெர்பிஸ் தொற்றும் என்பதால் ஆணுறை வேண்டும். அது மூடாத தோலில் பரவுவதை மட்டும் தடுக்க முடியாது.

சோரியாசிஸ் உள்ள வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லாமல் இருக்காது. லேடக்ஸ் ஆணுறைக்கு அது எதிரி. வாசலின், களிம்பு வகை ஸ்டீராய்டு, இமிகுவிமாட் எல்லாமே ரப்பரை இளக்கிக் கிழிய வைக்கும். தடவியதைக் கழுவித் துடைத்த பிறகே ஆணுறை. வழுக்கல் வேண்டுமென்றால் நீர்வகை ஜெல்.

கருவுற்ற பெண்ணுக்கோ அவர் கணவருக்கோ எப்போதாவது பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வந்திருந்தால், பழையதுதானே என்று விடாமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வந்திருந்தால் 36ஆவது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் கொடுப்பார்கள். பிரசவ வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.